வெள்ளைப் பின்னணிக்கு எந்த ஒளியமைப்பு? ஐந்து வழிகளின் ஒப்பீடு

ஸ்டுடியோ உருவப்படங்களில் புதிதாக இறங்குகிறவர்களில் பலரும் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள். பின்னால் தொங்குவது வெள்ளைத் தாள், படத்தில் வருவதோ மங்கிய சாம்பல். தீர்வு கேட்டால், பின்னணிக்கென்று இரண்டு விளக்குகள் வேண்டும் என்கிறார் ஒருவர். பெரிய சாஃப்ட்பாக்ஸையே (விளக்கின் ஒளியை வெள்ளைத் துணி வழியே பரப்பும் பெட்டியை) ஆளுக்குப் பின்னால் நிறுத்தச் சொல்கிறார் இன்னொருவர். எப்படி எடுத்தாலும் எடிட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரிதான். எவ்வளவு ஆழமுள்ள அறையில், உடல் எதுவரை தெரியும் படத்துக்கு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், கையில் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்பதைவிட அந்த இரண்டு அளவுகள்தான் இந்த முடிவைத் தீர்மானிக்கின்றன.

## வெள்ளை ஏன் சாம்பலாகிறது

விளக்கிலிருந்து விலக விலக, ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. முகத்திலிருந்து 1 மீட்டரில் விளக்கும், முகத்துக்குப் பின்னால் 2 மீட்டரில் தாளும் இருந்தால், விளக்குக்கும் தாளுக்கும் இடையே 3 மீட்டர் தூரம். ஆகவே தாளில் விழும் ஒளி, முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 3 ஸ்டாப்புக்குச் சற்று அதிகமான குறைவு (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இருமடங்காவது). நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒன்பதில் ஒரு பங்கில் 90 சதவீதம் என்பது வெறும் 10 சதவீதம். ஒளி அளவீட்டில் நடுச்சாம்பல் என்று கொள்ளப்படும் 18 சதவீதத்தைவிடவும் அது இருண்டது. தாளை மாற்றுவதால் பயன் எதுவும் இல்லை.

ஆகவே முகத்துக்கு ஓர் எக்ஸ்போஷர், பின்னணிக்கு ஓர் எக்ஸ்போஷர் என்று இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட வேண்டியிருக்கிறது. பின்னணிக்கு எவ்வளவு ஒளி தேவை என்பதில்தான் பலரும் மிகையாகப் போகிறார்கள். முகத்தில் விழும் ஒளிக்கு லைட் மீட்டர் (ஒளியை அளக்கும் கருவி) எஃப்/8 என்ற அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பளவைக் காட்டினால், தாளில் விழும் ஒளி எஃப்/10 அளவில், அதாவது மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதலாக இருந்தாலே பெரும்பாலான கேமராக்களில் தாள் முழு வெள்ளையாகிவிடும். எஃப்/11, அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல் என்பது பாதுகாப்பான மேல் எல்லை. எஃப்/16 வரை ஏற்றினால் தாள் அதற்குமேல் வெள்ளையாகப் போவதில்லை. மிஞ்சிய ஒளி லென்ஸுக்குள் சிதறிப் படத்தின் கருமையை வெளிறச் செய்வதோடு, நபரின் பக்கவாட்டுகளிலும் வழிந்து கன்னத்தின் ஓரத்தையும் முடியின் மெல்லிய இழைகளையும் விழுங்கிவிடும். வெள்ளைப் பின்னணிப் படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒளி போதாமையால் அன்று, அது மிஞ்சிப்போவதால்தான்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் சட்டகம். தலையும் தோளும் மட்டும் தெரியும் படத்துக்கும் பாதம்வரை தெரியும் படத்துக்கும் தேவைப்படும் பின்னணியின் பரப்பு முற்றிலும் வேறு. அந்தப் பரப்பை எளிய விகிதக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். முழுச்சட்டக கேமராவில் (36×24 மி.மீ. சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸைக் கொண்டு 2 மீட்டர் தள்ளி நிற்பவரைச் செங்குத்தாக எடுத்தால், அவர் இருக்கும் இடத்தில் சட்டகம் ஏறத்தாழ 85 செ.மீ. உயரமும் 56 செ.மீ. அகலமும் கொண்டது. தாள் அவருக்கு 2 மீட்டர் பின்னால் இருந்தால் கேமராவிலிருந்து அதன் தூரம் இருமடங்காகிறது, தெரியும் பரப்பும் 170 செ.மீ. உயரம், 113 செ.மீ. அகலம் என்று இருமடங்காகிறது. 1.35 மீட்டர் அகலமுள்ள சிறிய தாள்சுருள் இதற்குப் போதும். அதே படத்தைக் கிடைமட்டமாக எடுத்தால் 170 செ.மீ. அகலம் வேண்டும், அப்போது 2.72 மீட்டர் சுருளுக்குப் போவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது அறையின் ஆழம். பின்னணியைத் தனியாக ஒளியூட்டும் எந்த முறைக்கும், நபருக்கும் தாளுக்கும் இடையில் இடம் வேண்டும். தாளுக்கு முன் 2 மீட்டர், கேமராவுக்கு 2 மீட்டர், எடுப்பவர் நிற்க அரை மீட்டர் என்று தலை-தோள் படத்துக்கே நான்கரை மீட்டர் ஆகிறது. முழு உருவத்தை 50 மி.மீ. லென்ஸில் எடுக்க நபரிலிருந்து 3 மீட்டராவது விலக வேண்டும், ஆகவே ஐந்தரை முதல் ஆறு மீட்டர் ஆழம் தேவை.

மூன்றாவது, எவ்வளவு வெள்ளை வேண்டும் என்பது. வெள்ளைப் பக்கத்தோடு விளிம்பு தெரியாமல் கலந்துவிட வேண்டிய படத்தில் பின்னணி சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ணத் தடங்களிலும் உச்ச அளவான 255ஐத் தொட வேண்டும், 245 இருந்தாலே பக்கத்தின் நடுவே மங்கலான பெட்டியாகத் தெரியும். சட்டம் போட்டு மாட்டப்போகும் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே 240ஐ ஒட்டிய வெள்ளை முடிக்கும் தோலுக்கும் நல்லது, கண்ணுக்கும் இதமானது. இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமலேயே முழு வெள்ளையைத் துரத்துகிறவர்கள் நிறையப் பேர்.

விளிம்புகள் எவ்வளவு காப்பாற்றப்படுகின்றன, ஒரு படத்துக்குப் பின்வேலை எவ்வளவு ஆகிறது என்ற மற்ற இரண்டையும் ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்க்கலாம்.

## வழி 1: முன்விளக்கை மட்டும் வைத்துச் சமாளிப்பது

தனிப் பின்னணி விளக்கே இல்லாத அமைப்பு இது. மேலே சொன்ன தூரக் கணக்கையே தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். விளக்கை முகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி வைத்து, நபரைத் தாளுக்கு அரை மீட்டர் முன்னால் நிறுத்தினால், தாளில் விழும் ஒளி முகத்தில் விழுவதைவிட அரை ஸ்டாப்புக்கும் குறைவாகவே இறங்குகிறது. தாள் முழு வெள்ளை ஆகாது, தெளிவான இளஞ்சாம்பல்-வெள்ளையாக வரும். எடிட்டிங்கில் சற்றே தூக்கினால் போதும்.

இந்த முறையின் தூய வடிவத்தைத் திறந்த வெளியில் பார்க்கலாம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் எடுத்த உருவப்படங்களில், நிழல் விழும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, ஃபிளாஷ் எதுவும் இல்லாமல் இயற்கை ஒளியில் மனிதர்களை நிறுத்தினார். வானம் அத்தனை பெரிய, அத்தனை தொலைவான விளக்கு என்பதால் ஆளுக்கும் தாளுக்கும் ஒரே ஒளி கிடைத்துவிடுகிறது.

ஸ்டுடியோவுக்குள் வானம் இல்லை, அதற்கு ஈடாக இரண்டு விலைகளைத் தர வேண்டியிருக்கிறது. விளக்கை 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு நகர்த்தினால் அதே எக்ஸ்போஷருக்கு ஒன்பது மடங்கு ஒளி வேண்டும். கேமராவின் மேல் மாட்டும் சிறிய ஃபிளாஷான ஸ்பீட்லைட் இதில் மூச்சுவாங்கும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்ற வேண்டிவரும். அதைவிடப் பெரிய இழப்பு ஒளியின் மென்மை. 1 மீட்டர் அகல சாஃப்ட்பாக்ஸ் மூன்று மடங்கு தள்ளிப் போனால் முகத்திலிருந்து பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு அளவாகச் சுருங்கி, மூக்கின் நிழலைக் கடினமாக்கும். நபரின் நிழலும் அருகிலுள்ள தாளில் விழும். எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே 180 செ.மீ. குடையை வைப்பது இதற்கு ஓரளவு மாற்று. நிழல் அப்போது பெரும்பாலும் உடலுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், ஆனால் முகத்தில் வடிவம் காட்டும் நிழல்களும் சேர்ந்தே குறையும்.

அடையாள அட்டைக்கான படங்களுக்கு இந்தத் தட்டையான ஒளிதான் சரி. அங்கே இரண்டு பக்கமும் 45 பாகையில் சம அளவுள்ள இரண்டு குடைகளை வைத்து, நபரைத் தாளிலிருந்து 1 மீட்டர் முன்னால் கொண்டுவந்தால், நிழல்கள் சட்டகத்துக்கு வெளியே பக்கவாட்டில் போய் விழுந்துவிடும்.

## வழி 2: பின்னணிக்கு ஒரே ஒரு விளக்கு

இருக்கும் முன்விளக்கோடு இன்னும் ஒன்றை மட்டும் சேர்க்கக்கூடியவர்களுக்கான வழி. தாழ்வான ஸ்டாண்டில் நபரின் முதுகுக்குப் பின்னால் மறைத்துத் தாளை நோக்கித் திருப்பலாம், அல்லது மேலிருந்து பூம் கையில் (கிடைமட்டமாக நீளும் தண்டில்) தொங்கவிடலாம், அல்லது ஒரு பக்கத்திலிருந்து அடிக்கலாம்.

பக்கவாட்டு வைப்பைத்தான் முதலில் எல்லோரும் முயல்கிறார்கள், ஏமாற்றமும் அங்கேதான் கிடைக்கிறது. தாளின் அருகு விளிம்பு விளக்கிலிருந்து 1 மீட்டரிலும் தொலை விளிம்பு இரண்டரை மீட்டரிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை ஸ்டாப் வித்தியாசம் வரும். தொலைவிலுள்ள பக்கத்தை வெள்ளையாக்க முயன்றால் அருகிலுள்ள பக்கம் கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு எரிந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் வைப்பது தலை-தோள் படத்துக்கு மிக நன்றாகவே வேலை செய்கிறது. சட்டகத்தில் தெரிவது தாளின் நடுப்பகுதி ஒரு மீட்டர் சொச்சம்தான் என்பதால், அந்தப் பகுதி வெள்ளையாக இருந்தால் போதும். அகலமாகப் பரப்பும் ரிஃப்ளெக்டரோ விளக்கின் முகப்பில் பால்நிற மூடியோ போட்டு, தாளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வித்தியாசம் அவ்வளவாக இருக்காது. மூலைகள் லேசாக மங்கினாலும் பார்ப்பவர் கண் முகத்திலேயே நிற்கும், அப்படி மங்குவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. நபர் ஓரடி நகர்ந்தாலே விளக்கு வெளியே எட்டிப்பார்த்துவிடும் என்பது இதன் தொல்லை. குழந்தைகளை எடுக்கும்போது இதை நம்பி இறங்கக் கூடாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிற்கும் படத்துக்கும் இது ஒத்துவராது.

## வழி 3: பின்னணிக்கு இரு பக்கமும் இரண்டு விளக்குகள்

பாடப்புத்தக முறை என்று இதைத்தான் சொல்ல வேண்டும், சொல்வதற்குக் காரணமும் உண்டு. தாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் முன்னால், சட்டகத்துக்கு வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்குகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் தாளின் எதிர் விளிம்பை நோக்கித் திருப்புகிறோம். இடப்பக்க விளக்கு வலப்பக்கம் நோக்கியும் வலப்பக்க விளக்கு இடப்பக்கம் நோக்கியும் குறுக்காக அடிப்பதால், ஒன்றின் தேய்வை மற்றொன்று ஈடுசெய்து, தாள் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒளிர்கிறது. நடுவிலும் நான்கு மூலைகளிலும் லைட் மீட்டரை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் முக்கியமானவை விளக்குகளைவிட அவற்றுக்கும் நபருக்கும் இடையே நிற்கும் கருப்புப் பலகைகள். ஆள் உயரத்துக்கு மேலான இரண்டு தெர்மாகோல் பலகைகளின் ஒரு முகத்துக்குக் கருப்புப் பூசி, விளக்கின் நேரொளி நபரின் தோளையும் காதையும் தொடாதபடி மறிக்க வேண்டும். தாளிலிருந்து நேராகத் திரும்பி வரும் ஒளியைப் பலகைகள் முழுக்கத் தடுக்காது, அதைக் குறைக்க இடைவெளிதான் வழி. நபர் தாளிலிருந்து 2 மீட்டராவது முன்னால் நிற்க வேண்டும், 3 மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பலகைகளை நெருக்கமாக வைத்து, சட்டகத்தில் தெரியாத வெள்ளைப் பரப்பையும் மறைத்துவிட்டால் இரட்டைப் பயன் கிடைக்கும். சட்டகத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளையும் லென்ஸுக்குள் ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லென்ஸ் ஹூடைப் போடுவதும், கண்ணாடிக்கு முன்னாலுள்ள பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

லைட் மீட்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. முன்விளக்கை அணைத்துவிட்டு, பின்னணி விளக்குகளை மட்டும் எரியவிட்டு, முகத்துக்குத் தீர்மானித்த அதே அபெர்ச்சரிலும் ஐஎஸ்ஓவிலும் ஒரு படம் எடுக்க வேண்டும். மிகை வெளிச்சத்தைச் சிமிட்டிக்காட்டும் எச்சரிக்கையைத் திரையில் இயக்கி வைத்து, தாள் முழுவதும் சிமிட்டத் தொடங்கும் அளவுவரை மட்டுமே விளக்கின் சக்தியை ஏற்றி, அங்கேயே நிறுத்த வேண்டும். அதே படத்தில் நபர் கரிய நிழலுருவமாகத் தெரிய வேண்டும். மூக்கு நுனியிலோ கையிலோ கழுத்தின் ஓரத்திலோ ஒளி தென்பட்டால் பலகைகளை நகர்த்த வேண்டும், அல்லது நபர் இன்னும் முன்னால் வர வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த முறையைத் தேர்ந்தாலும் இதைச் செய்யாமல் முன்விளக்கைப் போடவே கூடாது என்பேன்.

மறைந்திருக்கும் விலைகளைப் பார்த்தால், விளக்குகளோடு சேர்த்து இரண்டு ஸ்டாண்டுகள், ஃபிளாஷை இயக்கும் இரண்டு ட்ரிக்கர்கள், இரண்டு பலகைகள் ஆகியவை தரையில் பிடிக்கும் இடம் முதலில் வரும். அடுத்தது கூரையின் உயரம். 50 மி.மீ. லென்ஸில் 3 மீட்டர் தள்ளி நின்று, இடுப்பளவு உயரத்தில் கேமராவைப் பிடித்து முழு உருவம் எடுக்கும்போது, நபரின் தலைக்கு மேல் கொஞ்சம் இடம்விட்ட சட்டகத்தின் மேல்விளிம்பு, 2 மீட்டர் பின்னால் உள்ள தாளில் ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. தாழ்ந்த கூரையுள்ள அறையில் தாளின் மேல்முனை சட்டகத்துக்குள் வந்துவிடும். அந்த வெற்றிடத்தை எடிட்டிங்கில் நிரப்புவது எளிது, ஆனால் ஒவ்வொரு படத்திலும் நிரப்ப வேண்டும். வெள்ளைச் சுவர்களும் வெள்ளைக் கூரையும் உள்ள சிறிய அறை என்றால் சிதறும் ஒளி எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. அங்கே பக்கச்சுவர்களில் கருப்புத் துணி தொங்கவிடுவது இன்னொரு விளக்கு வாங்குவதைவிடப் பயன் தரும்.

## வழி 4: ஒளிரும் பரப்பையே பின்னணியாக்குவது

பெரிய சாஃப்ட்பாக்ஸை நபருக்குப் பின்னால், கேமராவைப் பார்த்தபடி நிறுத்திவிடுவது. தாள் வேண்டாம், பலகை வேண்டாம், பக்கவாட்டு இடம் வேண்டாம். இதையே நோக்கமாகக் கொண்டு, உள்ளே ஃபிளாஷ் வைத்து ஒளிரச் செய்யும் மடக்குப் பின்னணிகளும் கிடைக்கின்றன. லாஸ்டோலைட் நிறுவனத்தின் ஹைலைட் அவற்றில் பெயர்பெற்றது.

ஆழம் குறைந்த அறைக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது, ஆனால் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன 85 மி.மீ. எடுத்துக்காட்டில், நபருக்கு 1 மீட்டர் பின்னால் சாஃப்ட்பாக்ஸ் இருந்தால் அங்கே தெரியும் பரப்பு 127 செ.மீ. உயரமும் 85 செ.மீ. அகலமும் கொண்டது. அதன் மூலைவிட்டம் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதால், 150 செ.மீ. எண்கோண சாஃப்ட்பாக்ஸின் விளிம்பு மூலைகளில் எட்டிப்பார்க்கும். இடைவெளியை 70 செ.மீ. ஆக்கினால் அடங்கிவிடும், 120-க்கு 180 செ.மீ. செவ்வக சாஃப்ட்பாக்ஸ் என்றால் சிக்கலே இல்லை.

நெருக்கம்தான் இதன் பலம், அதுவே பலவீனமும். ஒளிரும் பரப்பு ஒரு மீட்டருக்குள் இருப்பதால் நபரின் இரு கன்னங்களிலும் ஒளி வழிந்து வந்து சுற்றிக்கொள்ளும். இளம்பெண்களின் அழகுப் படங்களிலும் கைக்குழந்தைகளின் படங்களிலும் இது விரும்பிச் செய்யப்படுவதே. கம்பீரமான முகம் வேண்டும் என்கிறவருக்கு இது ஆகாது. கறுத்த சுருள்முடியின் வெளியிழைகள் பாதி கரைந்துபோகும், காது மடல் சிவந்து ஒளிரும், கண்ணாடி அணிந்தவரின் சட்டங்களில் வெள்ளைக்கோடு ஓடும். சாஃப்ட்பாக்ஸ் நேராக லென்ஸைப் பார்ப்பதால் சிதறலும் ஐந்து வழிகளில் இங்குதான் அதிகம். ஆகவே சக்தியைக் கூடியவரை குறைவாக வைக்க வேண்டும். பெரிய ஸ்டுடியோ ஃபிளாஷ்களில் குறைந்தபட்ச அளவே சிலவேளை தேவைக்கு மேல் இருக்கும், அப்போது சாஃப்ட்பாக்ஸுக்குள் இன்னோர் அடுக்குத் துணி மாட்டலாம்.

முழு உருவத்துக்கு இது உதவாது. கால்களுக்குக் கீழே சாஃப்ட்பாக்ஸின் விளிம்பு தெரியும், தரை வேறு நிறத்தில் இருக்கும். ஆனால் இந்த வேலை முடிந்ததும் அதே சாஃப்ட்பாக்ஸை முன்னால் கொண்டுவந்து முதன்மை விளக்காகப் பயன்படுத்தலாம் என்பதால், இதற்கென்று போடும் பணம் வீணாவதில்லை.

## வழி 5: எடிட்டிங்கில் வெள்ளையாக்குவது

2021 இல் படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமிலேயே ஆளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்துவிட்ட பிறகு, எதற்கு இத்தனை விளக்குகள் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். உடையின் ஓரத்தையும் தோள்கோட்டையும் மென்பொருள் நன்றாகவே பிரிக்கிறது. முடிதான் இன்னும் சிக்கல். இருண்ட சாம்பலின் முன் எடுத்த முடியை வெட்டி வெள்ளையில் ஒட்டினால், இழைகளைச் சுற்றி அழுக்கான வளையம் ஒன்று தங்கிவிடும்.

பின்னணி ஏற்கெனவே இளஞ்சாம்பலாக, ஓரளவு சீராக இருந்தால் கதை வேறு. அங்கே எதையும் வெட்ட வேண்டியதில்லை. பின்னணிக்கு மட்டும் ஒரு மாஸ்க் (மாற்றம் படவேண்டிய பகுதியைக் குறிக்கும் தேர்வு) போட்டு, வெள்ளைப் புள்ளியை 230 அளவிலிருந்து 255க்கு நகர்த்தினாலே முடியின் இழைகள் கெடாமல் தாள் வெளுத்துவிடும். ஆகவே இந்த வழியை முதல் அல்லது இரண்டாம் வழியின் தொடர்ச்சியாகக் கொள்வதே அறிவுடைமை, தனித்து நிற்கக்கூடிய மாற்றாக நான் இதைக் கருதவில்லை. படத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் இருபது பேரின் படங்களுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். பலகைகளை நிறுத்தி விளக்குகளைச் சரிசெய்ய அதில் கால்வாசி நேரம் போதும்.

## ஒரே பார்வையில்

| | முன்விளக்கு மட்டும் | பின்னால் ஒரு விளக்கு | இரு பக்கமும் விளக்குகள் | ஒளிரும் பரப்பு | எடிட்டிங் மட்டும் |
|---|---|---|---|---|---|
| பின்னணிக்கான விளக்குகள் | இல்லை | 1 | 2 | 1 (மடக்குப் பின்னணிக்குச் சிலவேளை 2) | இல்லை |
| நபருக்கும் பின்னணிக்கும் இடைவெளி | அரை முதல் 1 மீட்டர் | 2 மீட்டர் | 2 முதல் 3 மீட்டர் | 1 மீட்டருக்குள் | எதுவும் |
| ஏற்ற சட்டகம் | அடையாளப் படம், இடுப்புவரை | தலை-தோள் | எல்லாம் | தலை-தோள், இடுப்புவரை | முடி எளிதாகப் பிரியும் எதுவும் |
| நேரடியாக 255 கிடைக்குமா | கிடைக்காது | நடுவில் கிடைக்கும் | முழுவதும் கிடைக்கும் | முழுவதும் கிடைக்கும் | பொருந்தாது |
| விளிம்பு கரையும் அபாயம் | மிகக் குறைவு | குறைவு | பலகை இருந்தால் குறைவு | அதிகம் | வெட்டும் தரத்தைப் பொறுத்தது |
| மறைந்த விலை | ஒளியின் மென்மை, நிழல் | அசைய முடியாமை | இடம், கூரை உயரம் | சிதறல் | நேரம் |

ஃபிளாஷுக்குப் பதிலாகத் தொடர்ந்து எரியும் எல்இடி விளக்குகளைக் கொண்டும் இவை எல்லாவற்றையும் செய்யலாம். கண்ணால் பார்த்தே சரிசெய்யலாம் என்பது அதன் வசதி. ஆனால் எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என்ற அளவுக்கு அவற்றின் ஒளி பெரும்பாலும் எட்டாது. அபெர்ச்சரைத் திறக்க வேண்டும், அல்லது ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். அறையிலுள்ள மற்ற ஒளிகளும் படத்தில் கலந்துவிடும்.

## பாதம்வரை தெரிய வேண்டுமென்றால்

முழு உருவத்துக்கு மூன்றாவது வழியைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் சுவர்ப்பகுதி வெளுத்துவிடும், தரைதான் மக்கர் செய்யும். நபருக்குப் பின்னாலுள்ள தரைக்குப் பின்னணி விளக்குகளின் ஒளி கிடைக்கிறது, முன்னாலுள்ள தரைக்கோ முன்விளக்கு மட்டும். ஆகவே சட்டகத்தின் அடியில் சாம்பல் பட்டை ஒன்று மிச்சமாகும். தாளைத் தரையில் நீளமாக இறக்கி, நபர் நிற்கும் இடத்தில் அதன்மேல் பளபளப்பான வெள்ளை அக்ரிலிக் தகட்டை வைப்பது ஒரு நல்ல உத்தி. தாழ்ந்த கோணத்தில் பார்க்கும் கேமராவுக்கு, அந்தத் தகடு பின்னாலுள்ள வெள்ளையைப் பிரதிபலித்துத் தானும் வெள்ளையாகத் தெரியும். பாதத்துக்கடியில் மெல்லிய பிரதிபலிப்பும் வரும், அது வேண்டாம் என்பவர்கள் வெறும் தாளில் எடுத்துவிட்டுப் பட்டையை எடிட்டிங்கில் வெளுக்கலாம். தாளில் செருப்புத்தடம் பதிவதால் முன்பகுதியை அவ்வப்போது வெட்டியெறிய வேண்டியிருக்கும். துடைத்துப் பயன்படுத்தக்கூடிய வினைல் சுருள் இந்தச் செலவைக் குறைக்கும், ஆனால் விளக்கின் கோணம் தவறினால் பளபளப்புக் காட்டும்.

2.72 மீட்டர் சுருளில், செங்குத்துச் சட்டகத்தில், தனியொருவரை எடுக்கும்போதே தாளில் தெரியும் அகலம் ஏறத்தாழ 2.4 மீட்டரைத் தொடுகிறது. கைகளை விரித்து நிற்கும் படத்துக்கும் நான்கைந்து பேர் சேர்ந்த படத்துக்கும் தாளின் ஓரம் வெளியே தெரியத்தான் செய்யும். முகங்களின் மேல் எங்கும் ஓரம் குறுக்கிடாமல் இருந்தால், ஐந்தாவது வழி இங்கே தாராளமாகக் கைகொடுக்கும்.

## வெள்ளை உடையில் வருபவர்

வெள்ளைப் புடவையும் வெள்ளைச் சட்டையும் மேலே சொன்ன எல்லா அளவுகளையும் மாற்றிவிடும். துணியும் தாளைப் போலவே ஒளியைத் திருப்புவதால், பின்னணியை ஒரு ஸ்டாப் ஏற்றினால் தோள்கோடு காணாமல் போகும். இங்கே பின்னணியை முகத்தின் அளவுக்கே, அதாவது எஃப்/8க்கு எஃப்/8 என்று நிறுத்துவது நல்லது. அதோடு இரண்டு கருப்புப் பலகைகளை விளக்கை மறிக்கும் இடத்திலிருந்து நகர்த்தி, நபரின் இரு பக்கங்களிலும் சட்டகத்தின் ஓரத்தை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டிலிருந்து உடைமேல் விழும் வெள்ளையை அவை உறிஞ்சிவிடுவதால், துணியின் இரு ஓரங்களிலும் மெல்லிய சாம்பல் கோடு விழுந்து உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். பலகைகள் இப்படி முன்னால் வந்துவிடும்போது பின்னணி விளக்குகளை மறிக்க வேறு ஏதாவது வேண்டும். விளக்குகளின் முகப்பில் பார்ன் டோர் என்னும் மடக்கு மடல்களை மாட்டி நபரின் பக்கமுள்ள மடலை மூடினால் போதும். அப்போதும் பின்னணி 255க்குச் சற்றுக் கீழேயே நிற்கும். முழு வெள்ளை கட்டாயம் என்றால், தோள்கோட்டைத் தொடாமல் மாஸ்க் போட்டுப் பின்னணியை மட்டும் எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம்.